சின்னத் துலிப்பும் பாறைத் தோட்டமும்: விளக்கக் கட்டுரைக்கு ஒரு பாடப்பொருள்



போன வருடம் படிவம் நான்கில் மலர்களைப் பற்றிய ஒரு கருத்துணர் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். “துலிப் எந்த நாட்டுப் பூ டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நானும் யோசிக்காமல் “ஹாலந்து” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னேன்: “எந்தச் செடியா இருந்தாலும் தினமும் தண்ணி ஊத்தி அன்பா பார்த்துக்கிட்டா வளரும்.”

அவள் அதை நம்பிவிட்டாள். இணையத்தில் ஒரு பொட்டலம் வாங்கினாள். ஐந்து சின்னக் குமிழங்கள். அவர்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் தொட்டி வைத்து, நல்ல கறுப்பு மண் போட்டு நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசைமேல் வைத்தாள். உள்ளே கொழகொழவென்று அழுகிய குமிழங்கள். வாடை தாங்கவில்லை. “நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன் டீச்சர். என்ன தப்பு?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் ஒரு பெயர் இருந்தது: டுலிப்பா டார்டா. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சொன்ன இரண்டுமே தவறு. முதலாவது பாதித் தவறு, இரண்டாவது முழுத் தவறு.

துலிப்பின் சொந்த ஊர்

பெரிய வண்ணத் துலிப்புகளை வயல் வயலாக வளர்த்து உலகத்துக்கு விற்கும் நாடு நெதர்லாந்து. அதனால் நம் மனத்தில் ‘ஹாலந்துப் பூ’ என்று பதிந்துவிட்டது. ஆனால் துலிப் அங்கே பிறந்ததல்ல. காட்டு துலிப் இனங்கள் ஏறத்தாழ 75 முதல் 100 வரை இருப்பதாகத் தாவரவியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவற்றில் மிகப் பல மத்திய ஆசியாவின் மலைகளைச் சேர்ந்தவை. துருக்கியர் அதைத் தோட்டப் பூவாக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்குப் போனது. ‘துலிப்’ என்ற பெயரே தலைப்பாகைத் துணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். கரோலஸ் குளூசியஸ் என்னும் தாவரவியலாளர் 1593இல் லைடன் நகருக்கு வந்து அங்குள்ள பல்கலைக்கழகத் தோட்டத்தில் துலிப் வளர்த்தார். நெதர்லாந்தின் துலிப் கதை அங்கிருந்து வேகமெடுக்கிறது.

நம்முடைய டார்டாவின் ஊர் தியான் ஷான் மலைத்தொடர். சீன மொழியில் அதற்கு ‘வானுலக மலை’ என்று பொருள். கஜகஸ்தான், கிர்கிஸ்தான் நாடுகளின் பக்கம் இருக்கும் சரிவுகளில் இது தானாக முளைக்கிறது. நாம் கடையில் வாங்கும் ஆப்பிளின் காட்டு மூதாதையும் இதே மலைகளைச் சேர்ந்ததுதான். மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆளைப் பார்த்தால்

அடிக்கோலை எடுத்து மேசைமேல் நிறுத்துங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர், அவ்வளவுதான் இந்தச் செடியின் உயரம். தோட்டத்துப் பெரிய துலிப் 40, 50 சென்டிமீட்டர் வளரும். அதன் பக்கத்தில் இது குழந்தை.

இலைகள் குறுகலாக, மினுமினுப்பாக, தரையோடு ஒட்டிப் பரவியிருக்கும். நடுவிலிருந்து பூக்கள் கிளம்பும். பெரிய துலிப்பில் பெரும்பாலும் ஒரு தண்டுக்கு ஒரு பூ. இதில் ஒரே குமிழத்திலிருந்து நான்கு, ஐந்து, சில சமயம் எட்டுப் பூக்கள்கூட வரும். ஆறு இதழ்கள். நடுப்பகுதி நல்ல மஞ்சள், நுனி வெள்ளை. வெயிலில் முழுதாக விரிந்து நட்சத்திரம்போல் இருக்கும். மாலையில் மூடிக்கொள்ளும். மேகம் கவிந்த குளிர்ந்த நாளிலும் திறக்காது.

ஏன் அப்படி? வெப்பம் ஏறும்போது இதழின் உட்பக்கம் வேகமாக வளர்கிறது, இதழ் வெளியே வளைகிறது. குளிரும்போது வெளிப்பக்கம் வேகமாக வளர்கிறது, இதழ் உள்ளே மூடுகிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இதழ் கொஞ்சம் நீளுகிறது. மூடியிருக்கும்போது மழையும் பனியும் மகரந்தத்தை நனைப்பதில்லை.

‘டார்டா’ என்பது லத்தீன் சொல். ‘தாமதமானது’ என்று பொருள். 1933இல் ஆட்டோ ஸ்டாப் என்ற தாவரவியலாளர் இந்தப் பெயரை வைத்தார்.

குமிழம் என்னும் சேமிப்புப் பெட்டி

வெங்காயத்தை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். அடியில் தட்டையான சிறு தண்டு, அதன்மேல் அடுக்கடுக்காகச் சதைப்பற்றுள்ள இலைகள். துலிப் குமிழத்தின் அமைப்பும் இதுதான். அந்தச் சதை இலைகளில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. (வெங்காயம் மாதிரி இருக்கிறதே என்று சாப்பிட்டுவிடாதீர்கள். துலிப் குமிழத்தில் நச்சுப் பொருள் உண்டு. பூனை, நாய் வளர்க்கும் வீட்டில் கவனம் தேவை.)

இந்தச் சேமிப்பு எதற்கு? அது வாழும் மலையில் ஆண்டு எப்படி நகர்கிறது என்று பார்த்தால் புரியும்.

இலையுதிர்காலம்: மண் குளிர்கிறது. குமிழம் வேர் விடுகிறது. மேலே ஒன்றும் தெரியாது.

குளிர்காலம்: மேலே பனி மூடிக் கிடக்கிறது. குமிழத்துக்குள் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. தண்டு நீளத் தயாராகிறது.

வசந்தகாலம்: பனி உருகி மண்ணுக்குள் இறங்குகிறது. இலையும் பூவும் விரைந்து வெளியே வருகின்றன. இலை சில வாரங்களில் வெயிலைப் பிடித்து அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்த்துவிட வேண்டும். பழைய குமிழம் கரைந்து, அதன் இடத்தில் புதுக் குமிழங்கள் உருவாகின்றன.

கோடைக்காலம்: மண் காய்ந்து கட்டியாகிறது. இலை மஞ்சளாகி மறைகிறது. குமிழம் தூங்குகிறது.

தூங்குகிறது என்றால் சும்மா கிடக்கிறது என்று நினைக்கக்கூடாது. அந்தக் கோடை ஓய்வில்தான் அடுத்த வசந்தத்தின் பூ உள்ளே உருவாகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். குளிர் வரும்போது பூவின் கரு தயாராக இருக்கும். அதை வெளியே தள்ளுவதற்குத்தான் குளிர் வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. என் மாணவி வாங்கிய அந்த ஐந்து குமிழங்களும் நன்றாக இருந்திருந்தால், ஒவ்வொன்றின் உள்ளேயும் பூ இருந்திருக்கும். குளிர் கிடைக்காததால் அது வெளியே வர வழியில்லை. தினம் இருமுறை ஊற்றிய தண்ணீரால் வேரில்லாத குமிழம் ஊறி அழுகிவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டேன்.

பாறைத் தோட்டம் என்ன செய்கிறது?

மலைச் செடியைச் சமவெளிக்குக் கொண்டுவந்த ஐரோப்பியர்களுக்கும் இதே சிக்கல்தான் வந்தது. அங்கே குளிர் இருக்கிறது, கவலையில்லை. ஆனால் மண் கனமானது, கோடையிலும் மழை பெய்யும். குமிழம் அழுகிவிடும். அதற்குக் கண்ட வழிகளில் ஒன்று பாறைத் தோட்டம். மலைச்சரிவின் ஒரு துண்டை வீட்டுத் தோட்டத்தில் செய்து வைப்பது என்று சொல்லலாம்.

லண்டனில் செல்சி மருந்துச் செடித் தோட்டத்தில் 1773இல் கட்டிய பாறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கற்கள் அதில் உண்டு. எடின்பரோ, கியூ தாவரவியல் தோட்டங்களிலும் புகழ்பெற்ற பாறைத் தோட்டங்கள் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெஜினால்ட் ஃபாரர் என்பவர் எழுதிய நூல்கள் இந்தப் பழக்கத்தைச் சாதாரண வீடுகள்வரை கொண்டுபோயின.

பார்ப்பதற்குக் கல்லை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

சரிவு: தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். வெயில் படும் பக்கமாகச் சரிவை அமைப்பார்கள்.

அடியில் உடைகல்: மேலிருந்து இறங்கும் நீர் வடிந்து போக வழி.

மண்கலவை: தோட்டமண், இலைமக்கு, பருமணல் அல்லது பொடிச் சரளை மூன்றும் ஏறக்குறைய சமமாக. ஈரம் கொஞ்ச நேரம் இருக்கும், ஆனால் நிற்காது.

பாறை: மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதைந்து, பின்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதன்மேல் விழும் மழை பின்னாலுள்ள மண்ணுக்குள் இறங்கும். பாறை பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். அதன் அடிமண்ணோ குளிர்ச்சியாக இருக்கும், வேருக்கு அது வசதி.

மேலே சரளை: 2, 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவார்கள். செடியின் கழுத்து ஈரத்தில் ஊறாது. மழை அடிக்கும்போது பூவில் சேறு தெறிக்காது.

டார்டா இப்படிப்பட்ட இடத்தில் நன்றாக வளர்வதற்கு இதுதான் காரணம். உயரம் குறைவு என்பதால் காற்றில் சாயாது. பெரிய செடிகளுக்கு நடுவே நட்டால் காணாமலே போய்விடும். பாறை இடுக்கில், கண்ணுக்கு நேராக வைத்தால்தான் அதன் அழகு தெரியும். பெரிய கலப்பினத் துலிப்புகள் பல, சில ஆண்டுகளில் பூ குறைந்து மெலிந்துவிடும். டார்டா ஆண்டுதோறும் திரும்பி வரும், குமிழம் பிரிந்தும் விதை விழுந்தும் மெல்லப் பெருகும். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் தோட்டத்துக்கு ஏற்ற செடி என்று இதற்குத் தன் தகுதி விருதை வழங்கியிருக்கிறது.

நடும் முறை, சுருக்கமாக

குளிர்நாடுகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடுவார்கள். குமிழத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம், அதாவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். ஒன்றுக்கொன்று 7 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி. கூரான முனை மேலே. தனியாக ஒன்றை நடாமல் பத்துப் பன்னிரண்டைக் கூட்டமாக நட்டால் பார்க்க நன்றாயிருக்கும். எலியும் அணிலும் தோண்டும் இடமென்றால் கம்பி வலையை மேலே விரித்துச் சரளையால் மூடுவார்கள்.

பூ முடிந்தபிறகு ஒரு விதி முக்கியம்: இலையை வெட்டக்கூடாது. அது தானாக மஞ்சளாகிக் காயும்வரை விடவேண்டும். ‘அசிங்கமா இருக்கே’ என்று வெட்டினால் அடுத்த ஆண்டின் சேமிப்பையே வெட்டுகிறோம். கோடையில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அதனால் பக்கத்தில் நடும் செடிகளும் வறட்சி தாங்குபவையாக இருப்பது நல்லது. தைம், செடம் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

நம் ஊரில் முடியுமா?

மாணவர்கள் கட்டாயம் இதைக் கேட்பார்கள். நேர்மையாகச் சொல்வதென்றால், மலேசியாவின் தாழ்நிலத்தில் திறந்த வெளியில் முடியாது. ஆண்டு முழுதும் 27 பாகை செல்சியஸை ஒட்டிய சராசரி வெப்பம். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குளிர்காலமும் இல்லை, வறண்ட ஓய்வும் இல்லை. கேமரன் மலை குளிர்ச்சிதான், ஆனால் துலிப் கேட்கும் குளிர் அதுவல்ல. பொதுவாகத் துலிப் குமிழத்துக்கு 12 முதல் 16 வாரம் வரை, 9 பாகைக்குக் குறைவான குளிர் தொடர்ந்து வேண்டும்.

சிங்கப்பூர்க் கரையோரப் பூந்தோட்டத்தின் ஃப்ளவர் டோமில் 2013 முதல் துலிப் கண்காட்சிகள் நடந்து வருகின்றன. அங்கே கண்ணாடிக் கூடம் முழுவதையும் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். பூக்க வைப்பதற்கான குளிரைக் குமிழங்கள் முன்பே பெற்றிருக்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க ஆசையிருந்தால், குமிழங்களைக் காகிதப் பையில் போட்டு, குளிர்பதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நான்கு மாதம் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக்கூடாது. பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயுவை விடும். அது உள்ளேயிருக்கும் பூவைக் கெடுத்துவிடும். பிறகு சரளை கலந்த மண்ணில் நட்டு, வீட்டில் உள்ளதிலேயே குளிர்ச்சியான, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மண் தொட்டால் காய்ந்திருக்கும்போது மட்டும் தண்ணீர். ஒருமுறை பூக்கலாம், பூக்காமலும் போகலாம். பூத்தாலும் மறு ஆண்டுக்கு எதிர்பார்க்காதீர்கள். இதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

மலையில் மிஞ்சியிருப்பது

மத்திய ஆசியாவின் காட்டு துலிப்புகள் சிலவற்றுக்கு இப்போது ஆபத்து. ஆட்டு மந்தைகள் அளவுக்கு மீறி மேய்கின்றன. வசந்தத்தில் மக்கள் கட்டுக்கட்டாகப் பூவைப் பறிக்கிறார்கள். குமிழத்தைத் தோண்டி விற்பவர்களும் உண்டு. விதையிலிருந்து ஒரு துலிப் பூப்பதற்கு நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும். பூவைப் பறித்தால் விதை இல்லை. இழப்பை ஈடுகட்ட ஆண்டுகள் பிடிக்கும். டார்டாவின் உறவினர்களான கிரெய்க் துலிப்பும் காஃப்மன் துலிப்பும் கஜகஸ்தானின் சிவப்புப் புத்தகத்தில், அதாவது பாதுகாக்க வேண்டிய உயிரினங்களின் பட்டியலில், இடம்பெற்றுள்ளன. 1926இல் தொடங்கிய அங்குள்ள அக்சு-ஜபாக்லி இயற்கைக் காப்பகத்தில் கிரெய்க் துலிப்புகளைப் பாதுகாப்பான நிலத்தில் பார்க்கலாம்.

பாறைத் தோட்டத்துக்கு வாங்குபவர்கள் தோட்டத்தில் பெருக்கிய குமிழங்களையே கேட்டு வாங்க வேண்டும். டார்டா நாற்றங்காலில் எளிதாகப் பெருகும். மலையைத் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை.

தேர்வுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

விளக்கக் கட்டுரையில் நம் மாணவர்கள் அடிக்கடி எழுதுவது இப்படி:

“துலிப் மிகவும் அழகான மலராகும். அது அனைவரின் மனத்தையும் கவரும். அதனை நாம் அன்போடு பராமரிக்க வேண்டும்.”

பிழை ஒன்றுமில்லை. விளக்கமும் ஒன்றுமில்லை. எந்தப் பூவின் பெயரைப் போட்டாலும் இந்த மூன்று வாக்கியங்களும் பொருந்தும். இப்போது இதைப் பாருங்கள்:

“டார்டா துலிப் கோடையில் வறண்டு கிடக்கும் மலைச்சரிவைச் சேர்ந்தது. ஆதலால், ஈரம் தேங்கும் மண்ணில் அதன் குமிழம் அழுகிவிடுகிறது. பாறைத் தோட்டத்தின் சரிவும் சரளையும் நீரை வடித்துவிடுவதால், அது அங்கே ஆண்டுதோறும் பூக்கிறது.”

இதிலும் மூன்றே வாக்கியங்கள்தான். ஆனால் முதல் வாக்கியம் ஓர் உண்மையைச் சொல்கிறது, இரண்டாவது அதன் விளைவைச் சொல்கிறது, மூன்றாவது தீர்வைச் சொல்கிறது. ‘ஆதலால்’, ‘வடித்துவிடுவதால்’ ஆகியவை அவற்றை இணைக்கின்றன. மாணவர்களே, ஒரு பத்தி எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து ‘ஏன்?’ என்று கேளுங்கள். அடுத்த வாக்கியத்தில் பதில் இருந்தால் நீங்கள் விளக்குகிறீர்கள்.

சொல் அறிவோம்

குமிழம்: உணவைச் சேமிக்கும், நிலத்தடித் தண்டும் சதை இலைகளும் சேர்ந்த உறுப்பு.
உறக்கநிலை: வளர்ச்சி வெளியே தெரியாமல் செடி ஓய்வாக இருக்கும் காலம்.
இலைமக்கு: உதிர்ந்த இலை மட்கி உண்டாகும் உரம்.
சரளை: சிறு கற்கள்.
வாழிடம்: ஓர் உயிர் இயல்பாக வாழும் இடம்.

பயிற்சி

1. டார்டா துலிப் மாலையில் மூடிக்கொள்வது எப்படி நிகழ்கிறது? அதனால் பூவுக்கு என்ன நன்மை?
2. பூ முடிந்ததும் இலையை வெட்டக்கூடாது என்பதன் காரணத்தை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.
3. பாறைத் தோட்டத்தின் ஐந்து பகுதிகளையும் அவற்றின் பயனையும் அட்டவணையாக்குக.
4. தாழ்நிலத்தில் துலிப் வளராததற்கான காரணங்களை 50 சொற்களுக்கு மிகாமல் தொகுத்து எழுதுக.
5. உங்கள் வீட்டருகே வளரும் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, அது அந்த இடத்தில் ஏன் நன்றாக வளர்கிறது என்று விளக்கக் கட்டுரை எழுதுக.

ஐந்தாவது கேள்வியை என் வகுப்பில் கொடுப்பதற்கு முன்னால், அழுகிய குமிழம் கொண்டுவந்த மாணவியிடம் “தப்பு உன்மேல இல்ல, நான் சொன்னதுதான் தப்பு” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் செம்பருத்தியைப் பற்றி எழுதினாள். ஒன்றரைப் பக்கம். முதல் வாக்கியமே, “செம்பருத்திக்குக் குளிர்காலம் தேவையில்லை, ஏனெனில்” என்று தொடங்கியிருந்தது.